வேய்ந்த கூரையைச் சோதிப்பதும் காப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஒழுக ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலும் கூரையை அண்ணாந்து பார்க்கிறோம். அதற்குள் உள்ளே வரிச்சு (ஓலையைக் கட்டும் குறுக்குக் குச்சி) இற்றிருக்கும், கட்டு விட்டிருக்கும். நாலு கீற்றில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு பக்கத்தையே பிரித்து வேய்கிற வேலையாக வளர்ந்திருக்கும். வேய்ந்த கூரை ஒரே நாளில் கெடுவதில்லை. கெடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே அடையாளம் காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஏணி, கைவிளக்கு, மழுங்கிய கத்தி, ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய கம்பி இருந்தால் போதும்.

தென்னங்கீற்று, பனையோலை, விழல், வைக்கோல், நாணல் எதனால் வேய்ந்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். முறை மாறுகிற இடங்களை அங்கங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில், கூரை எப்படி வேலை செய்கிறது

ஓலையும் புல்லும் தண்ணீர் புகாத பொருட்கள் அல்ல. அப்படியிருந்தும் வீடு நனையாததற்குக் காரணம் வாட்டம், அதாவது கூரையின் சாய்வு. மேல்தாளில் விழுந்த துளி அடுத்த தாளுக்கு வழிகிறது, அதிலிருந்து அடுத்ததற்கு. இப்படியே இறவாணம் (கூரையின் கீழ்விளிம்பு) வரை வந்து சொட்டிவிடுகிறது. ஒரு அடி கனத்தில் நன்றாக வேய்ந்த நாணல் கூரையில் அடைமழையிலும் மேலே ஓரிரு அங்குலம்தான் நனையும். அதற்குக் கீழே உலர்ந்தே இருக்கும்.

வாட்டம் குறையக் குறையத் தண்ணீர் வழிவதற்குப் பதில் உள்ளே இறங்கத் தொடங்கும். புல், நாணல் கூரைக்கு 45 டிகிரி என்பது குறைந்தபட்ச அளவு. 50 இருந்தால் நல்லது. ஜப்பானில் ஷிரகாவா-கோ கிராமத்து வீடுகளின் கூரை ஏறத்தாழ 60 டிகிரி சாய்வில் நிற்கிறது. பனி சரிந்து விழுவதற்காக அத்தனை செங்குத்து. மழைநீரும் அதில் தங்காது. உங்கள் கூரையின் வாட்டத்தைக் கோணமானி இல்லாமலே பார்க்கலாம். சுவரின் தலைமட்டத்திலிருந்து முகடு எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழே உள்ள இடம் வரை தரையில் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சமமென்றால் 45 டிகிரி. உயரம் குறைவென்றால் வாட்டம் போதாது; அந்தக் கூரையை மற்றதைவிட அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். கீற்றுக் கூரையை இதைவிடத் தாழ்வாகவும் வேய்கிறார்கள். தாழ வேய்ந்தால் ஆயுள் குறையும் என்பதைத் தெரிந்தே வேய வேண்டும்.

நனைந்த கூரை காய்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. காயாமல் கிடந்தால்தான் பூஞ்சை பிடித்து மக்கும். கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எல்லாமே ஒரு கேள்விக்குப் பதில் தேடுபவைதான்: இந்தக் கூரையில் எந்த இடம் காயத் தாமதமாகிறது?

எப்போது பார்ப்பது

ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாயம். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு முறை. குறை தெரிந்தால் ஓலை தேடி, ஆள் தேடிச் சரிசெய்ய அந்த ஒரு மாதம் வேண்டும். மழை ஓய்ந்து கூரை காயத் தொடங்கும்போது இன்னொரு முறை. பலத்த காற்றடித்தால் மறுநாளே வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஈரக் கூரையில் ஏற வேண்டாம். வழுக்கும் என்பது ஒரு பக்கம். ஊறிய ஓலை மிதிபட்டால் நசுங்கிக் கெடும் என்பது இன்னொரு பக்கம்.

கூரை எந்த ஆண்டு வேய்ந்தது, எந்தப் பக்கம் எப்போது ஒட்டுப்போட்டது என்பதை எழுதி வையுங்கள். தென்னங்கீற்று ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு தாங்கும். பனையோலை அதைவிடக் கூடுதலாக நிற்கும். நல்ல நாணல் கூரை, குளிர்ந்த நாடுகளில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25 முதல் 40 ஆண்டு வரை வருகிறது. ஆனால் அதன் முகடு மட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். வேய்ந்த ஆண்டு தெரியாவிட்டால், பார்க்கிற நரைப்பு வயதால் வந்ததா நோயால் வந்ததா என்று சொல்ல முடியாது.

படி 1: உள்ளிருந்து மேலே பாருங்கள்

உச்சி வெயிலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, விளக்கணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை சற்று நில்லுங்கள். பிறகு மேலே பாருங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரியும். எல்லாமே ஓட்டை அல்ல. இறவாணப் பக்கமிருந்து சாய்வாக, கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவே தெரிகிற வெளிச்சம் இயல்பானது. அந்த இடுக்கு வழியாகத்தான் கூரைக்குக் காற்றோட்டம். தலைக்கு நேர் மேலே, நின்ற இடத்தில் ஒரு அடி நகர்ந்தாலும் மறையாமல் தெரிகிற புள்ளிதான் ஓட்டை. அதற்கு நேர்கீழே தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போன பிறகு எந்த இடம் என்று நினைவிலிருக்காது.

அடுத்தது கறை. வரிச்சிலோ, முகட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் கைமரத்திலோ கறுப்பாக வழிந்த தடம் இருக்கும். தடத்தின் கீழ்நுனியை விட்டுவிட்டு மேல்நுனியைத் தேடுங்கள். தண்ணீர் மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடிவரும்; சொட்டுகிற இடத்திலிருந்து முகட்டை நோக்கி இரண்டு மூன்று முழம் தள்ளித்தான் பழுது இருக்கும். சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓலை செருகிவிட்டு "இன்னும் ஒழுகுதே" என்று அலுத்துக்கொள்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். மழுங்கிய கத்தியை எடுத்துக் கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். உளுத்த மரத்தில் கத்தி சத்தமில்லாமல் இறங்கும். மூங்கிலாக இருந்தால் தட்டிப் பாருங்கள். கீழே மாவுபோல மஞ்சள் பொடி உதிர்ந்தால் வண்டு குடைகிறது. சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். அந்தக் கோட்டை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து பாருங்கள். மறுபடி மண் கட்டியிருந்தால் உயிரோடிருக்கிற புற்று.

கட்டுகளையும் விடக்கூடாது. நார்க்கயிறு வெளியே நல்ல நிறத்தில் இருக்கும், வரிச்சைச் சுற்றி மடங்குகிற இடத்தில் மட்டும் இற்றிருக்கும். விரலால் முடிச்சைத் திருகுங்கள். தும்பு தும்பாகக் கையோடு வந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி கட்டுங்கள். ஒரே நாளில் ஒரே கயிற்றால் கட்டியவை ஒரே சமயத்தில்தான் விடும்.

விறகடுப்புப் புகை படிந்த கூரை கரிபிடித்துக் கிடக்கும். பார்க்க அழுக்குதான், ஆனால் அந்தக் கரியிருக்கும் இடத்தில் பூச்சி அண்டுவது குறைவு. எரிவாயு அடுப்புக்கு மாறிய வீடுகளில் கூரையில் பூச்சி கூடுவதற்கு இது ஒரு காரணம். அதற்காகப் புகையடுப்புக்குத் திரும்பச் சொல்லவில்லை. நுரையீரல் கூரையைவிட விலை உயர்ந்தது. பூச்சிக்கான சோதனையை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: தரையில் நின்று வெளியே பாருங்கள்

இதற்குச் சரியான நேரம், நல்ல மழை பெய்து ஓய்ந்து வெயில் வந்து இரண்டு மணி நேரம் கழித்து. கூரையின் பெரும்பகுதி வெளுத்து வரும்போது சில திட்டுகள் மட்டும் கறுப்பாகவே நிற்கும். அவைதான் காயத் தாமதமாகும் இடங்கள். அடுத்து எங்கே மக்கும் என்பதை இந்தத் திட்டுகள் முன்கூட்டியே சொல்லிவிடும். கைபேசியில் படமெடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுத் திட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கொஞ்சம் தள்ளி நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் மோட்டு வளை, அதாவது முகட்டைத் தாங்கும் நீள மரம், தொய்ந்திருக்கிறது. ஓலை மாற்றி அது சரியாகாது, மரவேலை வேண்டும். கூரைப்பரப்பில் மேலிருந்து கீழாகச் சிறு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடினால், தண்ணீர் ஒரே தடத்தில் இறங்கி அரிக்கிறது. இரண்டு சாய்வுகள் கூடுகிற மூலைப் பள்ளத்தில் இது சீக்கிரம் வரும், இருபக்கத் தண்ணீரும் அங்கேதான் சேர்கிறது. அந்த மூலையில் எப்போதும் மற்ற இடத்தைவிடக் கனமாக வேய்ந்திருக்க வேண்டும். நாணல் கூரையில் உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும் குச்சிகளோ கம்பிகளோ வெளியே தெரிய ஆரம்பித்தால் மேல்கனம் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள்.

புதுக் கூரையில் முதல் மழைக்கு இறவாணத்திலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டும். பயப்பட வேண்டாம், ஓலையின் சாயம் இறங்குகிறது. பழைய கூரையிலிருந்து தூளும் கூளமுமாகச் சேர்ந்து சொட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

படி 3: ஏணி வைத்து, கை வைத்து

ஏணியின் தலையை நேரடியாக ஓலைமேல் சாய்க்காதீர்கள். குறுக்கே ஒரு பலகையைக் கட்டி, பாரம் பரவலாக இறங்கும்படி வையுங்கள். கூரைமேல் ஏறியே ஆக வேண்டுமென்றால் கைமரம் ஓடுகிற தடத்தில் ஏணியைப் படுக்கவைத்து அதில் காலூன்றுங்கள். கையுறையும் மூக்குமறைப்பும் கட்டாயம். மக்கிய ஓலையிலிருந்து பறக்கிற பூஞ்சைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. இறவாணத்துக்குள் கையை விடுமுன் குச்சியால் தட்டுங்கள். தேளும் பூரானும் சில சமயம் பாம்பும் தங்குகிற இடம் அது.

மழை நின்று ஒரு நாளான பிறகு, சந்தேகப்பட்ட திட்டில் விரல்களை ஓலைக்குள் செருகிப் பாருங்கள். மேலே ஈரம், உள்ளே உலர்வு என்றால் கூரை வேலை செய்கிறது. மேலே காய்ந்து உள்ளே ஈரமென்றால் மக்கல் தொடங்கிவிட்டது. புல், நாணல் கூரையில் கம்பியைச் செருகிப் பாருங்கள்: நல்ல இடத்தில் இறுக்கிப் பிடிக்கும், மக்கிய இடத்தில் தளர்ந்து இறங்கும், நுனியில் கறுத்த கூழ் ஒட்டிக்கொண்டு வரும். கீற்றாக இருந்தால் ஓர் இதழை மடக்கிப் பாருங்கள். வளைந்து நிமிர்ந்தால் இன்னொரு மழையைத் தாங்கும். பொட்டென்று முறிந்தால் தாங்காது.

படி 4: காயவிடுகிற வேலைகள்

இவைதான் உண்மையான பராமரிப்பு. செலவு குறைவு, பலன் அதிகம், ஆனால் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

கூரைமேல் கவிந்திருக்கும் கிளைகளை வெட்டுங்கள். நிழல் காய விடாது, சொட்டு நிற்க விடாது, சருகு உதிர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், எலிக்குப் பாலமாகவும் ஆகும். முகட்டோரத்திலும் மூலைப் பள்ளத்திலும் சேர்ந்த சருகைத் துடைப்பத்தால் மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் தள்ளுங்கள். கீழிருந்து மேலே பெருக்கினால் ஓலை தூக்கிக்கொள்ளும்.

பாசி மெல்லிய பச்சையாகப் படர்ந்திருந்தால் விட்டுவிடலாம். மெத்தை மெத்தையாகத் தடித்திருந்தால் வறண்ட நாளில் கையால் மெதுவாகப் பிய்த்தெடுங்கள். வேகநீர்க் குழாயைக் கூரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாசியோடு சேர்த்து நல்ல ஓலையையும் உரித்துவிட்டு, தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். சிலர் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் தெளிப்பார்கள். பூஞ்சைக்கு அது வேலை செய்யும். ஆனால் துத்தநாகம் பூசிய கம்பியையும் ஆணியையும் அரிக்கும். வழிகிற நீர் குளத்தில் கலந்தால் மீனுக்கு நஞ்சு. மழைநீரைச் சேமிக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தார்ப்பாய் பற்றி ஒரு வார்த்தை. ஒழுகுகிற கூரைமேல் தார்ப்பாய் போட்டு மூடுவது இரண்டு வாரத்துக்கான அவசர ஏற்பாடு, அவ்வளவுதான். வருடக்கணக்கில் மூடிவைத்தால் உள்ளிருந்து எழும் ஆவி தார்ப்பாயின் அடியில் படிந்து, மழையே படாத ஓலையும் அழுகிவிடும். ஓலைக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பதிலும் இதே சிக்கல்தான். இரண்டுக்கும் நடுவில் காற்றோட இடைவெளி இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளலாம்.

படி 5: ஒட்டுப்போடுதல்

கீற்றுக் கூரையில் வரிசைகள் இறவாணத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறும். மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடியிருக்கும். பழுதான கீற்றை மாற்ற, அதன் கட்டுகளை மட்டும் அறுத்துக் கீழ்நோக்கி உருவுங்கள். புதுக் கீற்றை அதே தடத்தில் கீழிருந்து மேல்வரிசைக்கு அடியில் நுழைத்து, வரிச்சோடு இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். அவசரத்தில் பலரும் செய்வது, பழுதுக்கு மேலேயே புதுக் கீற்றைப் படுக்கவைத்துக் கட்டுவது. அதன் தலை திறந்தே கிடக்கும். மேலிருந்து வரும் தண்ணீர் அந்தத் தலைக்கடியில் புகுந்து, பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் தேங்கும். ஒரு மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

முடையுமுன் தென்னை மட்டையை இரண்டாகப் பிளந்து தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். ஊறாத ஓலை முடையும்போதே கீறும், பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். முடைந்த பிறகு முழுக்கக் காய்ந்த கீற்றைத்தான் கூரைக்கு ஏற்ற வேண்டும். ஈரக் கீற்றைக் கட்டினால் காயும்போது சுருங்கிக் கட்டு தளரும்.

புல், நாணல் கூரையில் மக்கியதைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிடுங்கி, நல்ல தாள் தெரியும்வரை தோண்டுங்கள். கறுத்த கூழைக் கொஞ்சம்கூட மிச்சம் வைக்காதீர்கள். அதிலிருந்துதான் புது ஒட்டுக்கும் பூஞ்சை பரவும். பிறகு, புதுக் கட்டில் தாள்களின் அடிமுனை இறவாணத்தைப் பார்த்திருக்கும்படி கீழிருந்து மேலே திணித்து, பக்கத்துப் பரப்போடு மட்டமாகும்வரை பலகையால் தட்டுங்கள். கை வைத்து இழுத்தால் வரக்கூடாது. வந்தால் இன்னும் ஒரு பிடி திணிக்க இடமிருக்கிறது.

முகட்டை ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள். இரண்டு பக்க ஓலையும் முடிகிற இடம் அது. வெயிலும் காற்றும் மழையும் முழுசாக அதன் மேல்தான். முகடு விட்டால் கீழே எவ்வளவு நல்ல ஓலை இருந்தும் பயனில்லை. சந்தேகம் வந்தால் முழு நீளத்துக்கும் மாற்றிவிடுங்கள்.

படி 6: எலி, பறவை, கரையான்

தானியமணி ஒட்டியிருக்கும் வைக்கோலில் எலி வரும். நன்றாக உதறி அடித்த வைக்கோலையே வேயுங்கள். பறவை கூட்டுக்காக உருவியெடுக்கும் ஓட்டையை உடனே அடையுங்கள், குஞ்சு பொரித்திருந்தால் அவை பறந்து போனபின். கரையானுக்குக் கூரையில் மருந்தடித்து என்ன பயன்? அது தரையிலிருந்து வருகிறது. தூண் மண்ணில் புதைந்திருந்தால் கல்லின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். சுவரோரம் விறகும் பழைய ஓலையும் குவிக்காதீர்கள். மண்கோடு ஏறினால் கண்ணில் படும்படி அடித்தளத்தைச் சுற்றி ஒரு சாண் இடமாவது திறந்து கிடக்கட்டும்.

படி 7: காற்று

காற்று கூரையை அமுக்கிக் கெடுப்பதைவிடத் தூக்கிக் கெடுப்பதே அதிகம். இறவாணத்துக் கடைசி வரிசை, முகடு, முக்கோணச் சுவர்மேல் நீட்டியிருக்கும் பக்கவிளிம்பு ஆகிய மூன்றும்தான் முதலில் எழும். காற்றுக்காலத்துக்கு முன் இந்த மூன்று இடத்திலும் கயிற்றுக் கட்டுகளை இரட்டிப்பாக்குங்கள். நாலாபக்கமும் சாய்வாக இறங்கும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சாயும் கூரையைவிடக் காற்றை நன்றாகத் தாங்கும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பழைய வீடுகளின் கூரைமேல் குறுக்கே கயிறு போட்டு, இருமுனையிலும் கனத்த கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்றும் எந்தக் கடலோரத்துக்கும் அது நல்ல உத்தி. கயிறு ஓலையை அறுக்காமலிருக்க அடியில் ஒரு மூங்கில் பிளாச்சு வையுங்கள்.

படி 8: தீ

மற்ற எல்லாக் குறைக்கும் அடுத்த மழைவரை அவகாசம் உண்டு, தீக்குக் கிடையாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. ஆட்கள் கூடுகிற கட்டடத்துக்குக் கீற்று வேண்டாம் என்பதே என் முடிவு. எந்தத் தெளிப்பு மருந்தும் அதை மாற்றாது.

வீட்டுக் கூரையில் பார்க்க வேண்டியவை இவை. மின்கம்பி எதுவும் ஓலையைத் தொடக்கூடாது. குழாய்க்குள் இழுத்துச் சுவர் வழியாகக் கொண்டுபோங்கள், எலி கடித்த இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு சோதனையிலும் தடவிப் பாருங்கள். சூடேறும் விளக்கை ஓலைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். அடுப்புக்கு நேர் மேலே தகடோ மண்பூச்சோ இருக்கட்டும். புகைபோக்கி இருந்தால் அதன் வாய் முகட்டைவிட 1.8 மீட்டராவது உயர்ந்து நிற்கட்டும், உள்ளே கரியைச் சேரவிடாதீர்கள். தீத்தடுப்புக்கென்று தெளிக்கிற உப்புக் கரைசல்களில் பல, மழையில் கரைந்து போகிறவை. போன ஆண்டு தெளித்தோமே என்று இந்த ஆண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

பிடித்துவிட்டால் முதலில் ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மழைநீரை வழியவிடுகிற அதே குணத்தால், மேலிருந்து ஊற்றும் தண்ணீரையும் கூரை வழியவிட்டுவிடும். அடியில் தீ கனன்றுகொண்டே போகும். அதனால்தான் எரிகிற பகுதியைத் துறட்டியால் இழுத்துத் தள்ளி, மிச்சக் கூரையிலிருந்து பிரிக்கிறார்கள். அந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். நீளமான துறட்டி ஒன்றை மட்டும் வீட்டுக்கு வெளியே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஒட்டா, முழுசாகவா?

அங்கங்கே ஒட்டுப்போட்டும் ஒழுக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தால், ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதழ் முறிகிறது என்றால், இனி ஒட்டுப்போடுவது கூலிக்குக் கேடு. நாணல் கூரையில் அடிக்கனம் உறுதியாக இருந்தால் மேல்பகுதியை மட்டும் சீவியெடுத்துப் புதிதாக ஒரு போர்வை வேயலாம். கீற்றில் பழையதன் மேலேயே புதிதை ஏற்றுகிற வழக்கம் உண்டு. ஒரு முறை செய்யலாம், இரண்டாவது முறை கூடாது. மழையில் ஊறிய இரட்டைக் கூரையின் பாரம் முழுக்க அந்தப் பழைய கைமரங்கள்மேல்தான் இறங்கும், அடியில் மக்கிய ஓலையோ மேலிருப்பதைக் காயவிடாது. பிரிக்கிற நாளில் மரத்தை முதலில் முடித்துவிடுங்கள். ஓலை ஏறியபின் கைமரம் மாற்றுவது இரட்டை வேலை.

பிரித்த பழைய ஓலை நல்ல மூடாக்கு. செடிப் பாத்திகளில் பரப்பலாம், உரக்குழியிலும் போடலாம். மயில்துத்தம் தெளித்ததாக இருந்தால் தோட்டத்தில் போடாதீர்கள், எரிக்கவும் செய்யாதீர்கள். எதுவானாலும் அன்றே வீட்டை விட்டுத் தள்ளி அகற்றிவிடுங்கள். புதுக் கூரைக்குக் கீழே சுவரோரம் அது கிடந்தால், பழைய கரையானே புது வரிச்சுக்கு ஏறிவிடும்.